நம் குடியிருப்பின் பதிவேடு நம்மிடமே இருக்கட்டும்

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் வாழ் பொதுமக்களுக்கு,

இந்த வட்டாரத்தில் கட்டற்ற மென்பொருளில் ஆர்வம் கொண்டவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறோம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா உள்ளே நுழைந்ததும் காவலாளி தன் போனில் ஓர் எண்ணைத் தட்டுகிறார். எந்த வீட்டுக்குப் போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார், இந்த மாதம் எத்தனை நாள் லீவு போட்டார் என எல்லாம் பதிவாகிறது. இந்த வாசல் செயலிகள் சிலவற்றில் அவருக்கு நட்சத்திர மதிப்பெண்கூட உண்டு. தன்னைப் பற்றி இப்படியொரு கணக்கு ஓடுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் கேட் திறக்காது. சாப்பாடு கொண்டுவரும் பையனின் முகத்தையும் இதே போல் படம் பிடித்துக்கொள்கிறார்கள். முன்பு வாட்ச்மேன் மேசையில் ஒரு நீள நோட்டு கிடக்கும். அது நம் கட்டடத்தை விட்டு எங்கும் போகாது. இன்றைய பதிவு எந்த ஊர் சர்வரில் இருக்கிறது, எத்தனை ஆண்டு இருக்கும், யார் யார் பார்க்கலாம் என்று உங்கள் சங்கச் செயலாளரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கும் தெரியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் எங்கோ குவிந்துவிட்ட தகவலை அழித்துத் தரச் சொல்லி மனுப் போட்டு அலைவதைவிட, அதைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்வது எளிது.

இன்னொரு கவலையும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான மாற்றத்தால் உலகம் முழுக்க வாட்ஸப் சுமார் 6 மணி நேரம் முடங்கியது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, நயாரா எனர்ஜிக்கு அளித்துவந்த சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மின்னஞ்சலைக்கூடத் திறக்க முடியாமல் அந்த எண்ணெய் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், நம் தெருச் சங்கத்தின் கணக்கு நாளை முடக்கப்பட்டால் யாரிடம் போய் முறையிடுவோம்?

அப்படியானால் வாட்ஸப்புக்குப் பதில் உள்நாட்டுச் செயலிக்கு மாறினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கூடுவாஞ்சேரி பக்கம் பெரிய வளாகம் வைத்திருக்கும் ஜோஹோவின் அரட்டை செயலி 2025-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அதுவும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் ஓடுவது. அந்தப் பரபரப்பு எழுந்த நேரத்தில் அதன் எழுத்துச் செய்திகளுக்கு, இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முழு மறையாக்கம் இருக்கவில்லை. மின்னஞ்சலைப் போல, யுபிஐ போல, வெவ்வேறு செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்று ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவே அப்போது சொன்னார். எங்கள் விருப்பமும் அதுதான். அதற்கான வழி 1999 முதலே இருக்கிறது, எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறையாக.

நம் ஏரிகளை நினைத்துக்கொண்டால் அது இயங்கும் விதம் சட்டென்று விளங்கும். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகும். ஒவ்வோர் ஊருக்கும் தனி ஏரி, தனி மதகு, நடுவே கால்வாய். அப்படியே ஒவ்வொரு சங்கமும் தனக்கென ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். சேலையூர்க்காரரும் முடிச்சூர்க்காரரும் தங்கள் தங்கள் சர்வரில் இருந்தபடியே பேசிக்கொள்ளலாம்.

இதற்குப் பெரிய செலவில்லை. சங்க அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினி, ஓர் இன்வெர்ட்டர், இணைய இணைப்பு, சொந்தமாக ஒரு டொமைன் பெயர் இருந்தால் சில நூறு குடும்பங்களின் செய்திப் பரிமாற்றத்தை அது தாங்கும். மென்பொருள் இலவசம், அதன் மூலநிரலை யாரும் படித்துப் பார்க்கலாம். உழைப்பு மட்டும் உண்டு. வாரம் ஒருமுறை புதுப்பிப்பையும் காப்புப் பிரதியையும் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான இருவர் வேண்டும். 2015 வெள்ளத்தைக் கண்ட முடிச்சூர் போன்ற இடங்களில் சர்வரைத் தரைத்தளத்தில் வைக்கவே கூடாது. மறையாக்கிய பிரதி ஒன்று மேட்டுப் பகுதிச் சங்கம் ஒன்றிடம் இருப்பது அவசியம்.

இதைச் செய்யும் ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக்கும் சேர்ந்துதான் 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் பிறந்த பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம், அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று ஓஎம்ஆரிலும் மறைமலைநகரிலும் வேலை பார்க்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் இரண்டு மணி நேரம் அவர்கள் தங்கள் தெருவுக்குத் தர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. வாட்ஸப் குழு அதுபாட்டுக்கு இருக்கட்டும். முதலில் வாசல் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். வேலைக்கு வருகிறவர்களின் புகைப்படம், மதிப்பெண் இரண்டையும் நிறுத்துங்கள். வருகைப் பதிவுகளை 30 நாளில் அழித்துவிடத் தீர்மானம் போடுங்கள். வேலைக்காரம்மாவையும் காவலாளியையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்து அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். பிறகு சங்க நிர்வாகிகள் குழுவை மட்டும் சொந்த சர்வருக்கு மாற்றி மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். நிறுவித் தரவும் உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி தரவும் நாங்கள் வருகிறோம். கட்டணம் எதுவும் இல்லை, சர்வரின் கடவுச்சொல் உங்களிடம் மட்டுமே இருக்கும்.