பைப்புக்கு எப்போ லேப்?

யூனிக்ஸ் லேபில் நாம படிக்கிறது வெறும் கமாண்ட் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு அவுட்புட், ரெக்கார்டில் ஒரு பக்கம், ஒரு கையெழுத்து. செவிலிமேட்டுக்கு வந்து நாடாவை மட்டும் பார்த்துட்டு நெசவு தெரியும்னு சொல்ற கதைதான். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. உடலும் கரையும் பிணையும் இடத்தில்தான் வேலையே இருக்கு.

யூனிக்ஸில் அந்த இடம் பைப். புரோகிராம்களைத் தோட்டத்து ஹோஸ் மாதிரி திருகி இணைக்கணும்னு டக் மெக்கில்ராய் 1964-லேயே எழுதினார். கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தது 1973-ல்.

‘யூனிக்’ அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளைத்தான் ஒன்றாக்கும். தனியாப் படிச்சா அது குறைன்னு தோணும். முன்னாடி ‘சார்ட்’ போட்டா சரியாயிடும். சர்வர் லாகில் எந்த ஐபி அதிகம் வந்தது? கட், சார்ட், எண்ணிக்கையோட யூனிக், எண்ணிக்கைப்படி மறுபடி சார்ட்: ஒரே வரி. (இதுக்கு எக்ஸெல் திறக்கிற ஃபைனல் இயர்களும் உண்டு!)

மாடல் எக்ஸாமில் ஒரு லாக் ஃபைலைக் கொடுத்து இந்தக் கேள்வியைக் கேளுங்க சார்.