எளிய கணினியிலிருந்து தொடங்குவோம்



பண்டிகைக் காலங்களில் நம் வாலிபர் தயாரிக்கும் காணொளிகளைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் படத்தொகுப்பிற்கு எந்த மென்பொருளைத் தெரிந்துகொள்வது என்ற கேள்வி எழும்போது, சிறந்த கணினி வைத்திருப்பவரின் விருப்பமே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அது தகாது என்பதே என் எண்ணம். நம்மிடையே உள்ள எளிய கணினியிலும் எது ஓடுமோ, அதையே தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்பாக்கம் நகரியத்தில் புதிய கணினி உள்ள வீடுகள் உண்டு. சுற்றியுள்ள குப்பங்களிலோ, 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் விலையில்லா மடிக்கணினியே பல வீடுகளுக்குள் வந்த முதல் கணினி. விண்டோஸ், மேக், லினக்ஸ் என அவரவர் கணினி வேறுபடலாம், வேலையோ ஒன்றே.

ஐமூவி இலவசம், கற்பதற்கும் எளிது. ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். விண்டோஸ் 11-உடன் வரும் கிளிப்சாம்ப், தனியே பழகுவோருக்கு ஏற்றது. தாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மிகுந்த ஆற்றலுடையது. எனினும் வலுவான வரைகலை அட்டை இல்லாத கணினியில் திணறும்.

ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய இரண்டுமே மூவகைக் கணினிகளிலும் ஓடும் கட்டற்ற மென்பொருள்கள். படத்தின்மேல் எந்த நிறுவன முத்திரையும் விழாது. தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது ஷாட்கட். சாதாரணத் தெளிவுள்ள படத்திற்கு 4 ஜிபி, எச்.டி. படத்திற்கு 8 ஜிபி நினைவகம் வேண்டும் என்று அதை உருவாக்கியோர் கூறுகின்றனர். கணினி தயங்கினால் ‘பிராக்சி’ வசதியை இயக்குங்கள். தொகுக்கும்போது சிறிய நகலைக் காட்டி, இறுதிப் படத்தை மூலத்திலிருந்தே அது உருவாக்கும். படங்கள், ஒலிகள், திட்டக் கோப்பு அனைத்தையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். அதைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று மற்றொருவர் வீட்டில் வேலையைத் தொடரலாம்.

2 ஜிபி மட்டுமே உள்ள மடிக்கணினியில் தொகுப்பது கடினம். அதை உடைய பிள்ளையும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. எடுத்த படங்களைப் பார்த்து, எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று நிமிடக் கணக்கோடு குறித்துத் தரலாம். நல்ல தொகுப்பில் பாதி வேலை அதுவே.

விலையுயர்ந்த மென்பொருளின் திருட்டு நகலைப் பகிர்வோரும் உண்டு. களவைத் தடுக்கும் கட்டளை கணினிக்கும் உரியது. அத்தகைய நகல்களோடு வைரசும் வருவதுண்டு. நேர்மையான வழி இலவசமாகவே திறந்திருக்கையில் நமக்குச் சாக்கு ஏது?

ஒருவருடைய கணினியில் மட்டுமே திறக்கும் வேலை, அவர் மேற்படிப்பிற்கு வெளியூர் செல்லும் நாளில் நின்றுபோகும். எல்லாருடைய கணினியிலும் திறக்கும் வேலையை அடுத்த பிள்ளை தொடர்ந்து செய்யும். ஆகையால் வாலிபர் அடுத்த முறை கூடும்போது, எந்த மென்பொருள் என்று பேசுவதற்கு முன், யாரிடம் எந்தக் கணினி உள்ளது என்று எழுதிக்கொள்ளுங்கள்.