கொல்கத்தாவில் எங்கே தங்குவது?

ஆசிரியருக்கு,

தம்பதியர் சுற்றுலா பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, கொல்கத்தாவை விக்டோரியா நினைவகத்தோடும் ஹௌரா பாலத்தோடும் முடித்துவிட்டது. ஊரின் ருசியே அதற்கப்பால்தான்.

முதலில் அறை. ஹௌராவில் தங்கியவர்கள் முன்பெல்லாம் பாலத்து நெரிசலில் பொழுதைத் தொலைத்தார்கள். 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியபின் அந்தக் கவலை குறைந்தது. ஆனாலும் மாலையில் காலாற நடக்க விரும்பும் ஜோடிக்குப் பார்க் ஸ்ட்ரீட் பக்கமே வசதி. இருவரும் அடையாள அட்டையை மறக்கக் கூடாது.

அங்கிருந்து நடந்தே போகலாம், 1767இல் திறக்கப்பட்ட பழைய கல்லறைத் தோட்டத்துக்கு. பாசி படிந்த கூர்ங்கோபுரச் சமாதிகள், அடர்ந்த மரநிழல். சத்யஜித் ராய் தம் துப்பறிவாளர் ஃபெலுடாவையே இங்கே அலையவிட்டார். புதுமணத் தம்பதிக்கு இடுகாடா என்று மாமியார்கள் முகம் சுளிக்கலாம்!

வடக்கே குமார்துலி. மூங்கிலில் வைக்கோலைச் சுற்றி, ஆற்றுக் களிமண் பூசி, துர்க்கையை வனையும் குறுகிய சந்துகள். விரல்கள் தனியே செய்து ஒட்டப்படுகின்றன. மஹாளய அமாவாசைக்குச் சில வாரம் முன்பு போனால் வேலை மும்முரமாக இருக்கும். துர்க்கா பூஜை வாரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவில்லாமல் ரயிலேற வேண்டாம்.

– ஒரு வாசகர், திருச்சி