காட்டுமிராண்டித்தனம் ஆளில்லாத தீவில் பிறப்பதில்லை

பெரியவர்கள் இல்லாத தீவில் சிக்கும் சிறுவர்கள் மெல்ல மெல்ல வெறியேறி, கூட்டாளிகளையே கொல்லும் அளவுக்குப் போகிறார்கள். வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதிய 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலின் கதை இது. அதட்ட ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் மிருகமாகிவிடுவார்கள் என்பதற்கு இன்றும் பலர் இதைத்தான் காட்டுகிறார்கள்.

நிஜத்தில் நடந்தது வேறு. 1965இல் டோங்கா நாட்டின் பள்ளி மாணவர்கள் 6 பேர் விடுதியிலிருந்து தப்பிப் படகேறி, ஆளில்லாத அட்டா தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதம் அங்கே இருந்தார்கள். முறைவைத்து வேலை செய்தார்கள், மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை. ஒருவனுக்குக் கால் முறிந்தபோது கட்டுப்போட்டு, அவன் வேலையையும் மற்றவர்கள் பார்த்தார்கள். 1966 செப்டம்பரில் 6 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்தத் தீவு ஏன் ஆளில்லாமல் கிடந்தது தெரியுமா? 1863இல் கப்பலில் வந்த 'நாகரிக' மனிதர்கள், அங்கு வாழ்ந்தவர்களில் பலரை அடிமைகளாக விற்கப் பிடித்துப் போயிருந்தார்கள்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். கைதானவர்கள் அவருடைய பள்ளியில் படித்த மாணவர்கள். அவர்களுக்குப் பெற்றோர், ஆசிரியர், ஊர் எல்லாமே இருந்தது. சாதியும் இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது பெரியவர்கள்தான். கையில் கட்டும் சாதிக் கயிறு எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடித்ததில்லை. அந்தக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் என 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது.

இங்கே திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த பெற்றோரும் இருளர் பெற்றோரும் கல் அறுக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பெற்றோர் ஷிப்டுக்குப் போகிறார்கள். பகலெல்லாம் பிள்ளைகள் தனியே இருக்கிறார்கள். நாங்கள் போகும் இடங்களில் பார்ப்பது இதுதான்: அக்கா தம்பியை இடுப்பில் சுமக்கிறாள், இருக்கிற சோற்றைப் பங்கிட்டு ஊட்டுகிறாள். 'ஒழுங்கில்லாத பிள்ளைகள்' என்ற பட்டமோ இவர்களுக்குத்தான். 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவர்களுக்குத் தேவை அந்தப் பள்ளிக்கூடம், அதட்டல் அல்ல.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சூளை இருந்தால், பள்ளியில் சேராத பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் வகுப்பில் சாதிக் கயிறு கட்டிய நண்பன் இருந்தால், அதைக் கட்டிவிட்டது யார் என்று கேளுங்கள்.

ஜெய் பீம்!