நெட் போனாலும் சைரன் அடிக்குமா?

வீட்டுக்கு அலாரம் வாங்குபவர்கள் பலரும் முதலில் கேட்பது, ‘அலெக்ஸாவோட வேலை செய்யுமா?’ என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: நெட் இல்லாவிட்டால் சைரன் அடிக்குமா?

கூகுளின் ‘நெஸ்ட் செக்யூர்’ அலாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் அமெரிக்காவில் அறிமுகமானது. 2020இல் விற்பனை நின்றது. 2024 ஏப்ரல் 8 முதல் ஆப்பும் இல்லை, இணையத் தொடர்பும் இல்லை. கருவி பழுதாகவில்லை. நிறுவனம் கைவிட்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே சென்சார், ஹப், சைரன் மூன்றும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும். ஜிக்பீ, இசட்-வேவ் சென்சார்கள் ஹப்பைத் தொடர்புகொள்ள இன்டர்நெட் தேவையில்லை. ஆனால், சைரனை அடிக்கலாமா என்று அந்த ஹப் கிளவுடைக் கேட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. கரண்ட் போனால் வைஃபை ரூட்டரும் படுத்துவிடும். அதனால் ஹப்பில் பேட்டரியும், செல்போனுக்குத் தகவல் அனுப்ப சிம் வசதியும் இருப்பது நல்லது.

ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் ரூட்டரை அணைத்துவிட்டு, அலாரத்தை ஆன் செய்து கதவைத் திறந்து பாருங்கள். சத்தம் வந்தால் வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லைட் தானாக எரிவதெல்லாம் அப்புறம்தான்.