பிரேக் அடித்தால் குலுங்கும் கார்: வரி குறைந்தும் டிரைவர் பாக்கெட் காலியாவது ஏன்?

சென்னை:

60, 70 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கில் கால் வைத்தால் போதும். ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடுகிறது. பின் சீட்டில் இருக்கும் சவாரி, "என்னப்பா வண்டி இது?" என்று முகம் சுளிக்கிறார். கால் டாக்சி ஓட்டுபவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி.

ஒர்க் ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "டிஸ்க் பெண்டு ஆயிடுச்சுண்ணே. ரெண்டு பக்கமும் டிஸ்க், பேட் எல்லாம் மாத்திடலாம்!" மாற்றுகிறார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி நிற்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் அதே ஆட்டம்.

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் பிரேக் டிஸ்க், பேட் உள்ளிட்ட கார் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. வரி சேர்க்காத விலை 3 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முன்பு 3,840 ரூபாய், இப்போது 3,540. மிச்சம் 300 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனால் நோய் தெரியாமல் ஒரே பாகத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றினால் அந்த 300 ரூபாய் எந்த மூலைக்கு?

வளைந்தது டிஸ்க்கா?

இரும்பு டிஸ்க் அப்பளம் மாதிரி வளைவது அபூர்வம். நடப்பது வேறு. டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போகிறது. ஓரிடத்தில் 0.02 மில்லி மீட்டர் வித்தியாசம் வந்தாலே குலுங்க ஆரம்பிக்கலாம். தலைமுடி கனத்தில் பாதி கூட இல்லை இது! மேடான இடம் வரும்போதெல்லாம் பேடை தள்ளுகிறது. அந்த தள்ளல்தான் பெடலுக்கும் ஸ்டியரிங்குக்கும் வருகிறது.

சரி, புது டிஸ்க்கில் ஏன் வருகிறது? அங்கேதான் கோளாறு. டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு பிடித்திருக்கும். அதை கம்பி பிரஷ், எமரி பேப்பர் போட்டு சுத்தம் செய்யாமல் அப்படியே மாட்டினால் டிஸ்க் லேசாக சாய்ந்து உட்காரும். பிரேக் அடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோ மீட்டரில் அந்த இடம் தேய்ந்து, ஆட்டம் ஆரம்பம். அதனால்தான் மாட்டிய அன்று தெரிவதில்லை. பழி கம்பெனி மீது விழுகிறது.

பஞ்சர் கடையிலும் இந்த வினை வரும். ஏர் கன்னை வைத்து ஒரு நட்டை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்த நட்டுக்குப் போவது தப்பு. எதிரெதிர் நட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாம் ஒரே அளவில் இறுக்க வேண்டும்.

முன்னாலா, பின்னாலா?

ஸ்டியரிங் ஆடினால் அனேகமாக முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்னால் டிரம்மை பாருங்கள். பிரேக் அடிக்காமலேயே ஆடினால் அது டயர், வீல் பேலன்சிங் சமாச்சாரம். ஒரு சக்கரம் மட்டும் கொதித்து தீய்ந்த வாடை வந்தால் காலிபர் பின் இறுகியிருக்கலாம். மழைத் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் இது சகஜம். கழற்றி சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிரீஸ் வைத்தால் பல நேரம் சரியாகிவிடும். ஈர ரோட்டில் அவசரமாக மிதிக்கும்போது பெடல் மட்டும் படபடவென்று துடித்தால் பயம் வேண்டாம். அது ஏ.பி.எஸ். வேலை செய்வது.

கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைக்கு சவாரி போகிறவர்கள், இறங்கும்போது கீரைக் குறைத்து என்ஜின் பிடிப்பில் வர வேண்டும். டிஸ்க் கொதிக்கும்போது நிறுத்தி பிரேக்கை மிதித்தபடியே இருந்தால், பேடின் பூச்சு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் குலுங்கும்.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டிய கேள்வி: "டயல் கேஜ் வச்சுப் பார்த்தீங்களா?" டிஸ்க் எவ்வளவு ஆடுகிறது என்று அந்த மீட்டர் காட்டிவிடும். புதுசு வாங்காமல் லேத்தில் கொடுத்து சமப்படுத்தவும் வழி உண்டு. ஆனால் குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே குறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் பேச்சே கிடையாது, மாற்றியே ஆக வேண்டும். உயிர் விஷயம்.

ஓனர் கம் டிரைவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. டாக்சிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறையும், அதன்பிறகு வருஷா வருஷமும் எப்.சி. காட்ட வேண்டும். அங்கே பிரேக்கை சோதிக்காமல் விடமாட்டார்கள். வண்டி நின்றால் வருமானம் நிற்கும். டியூ நிற்காது.

பாகம் மாற்றினால் பில் கேட்டு வாங்குங்கள். 18 சதவீதம்தான் போட்டிருக்கிறார்களா என்று அதில்தான் தெரியும். கழற்றிய பழைய டிஸ்க்கையும் கையோடு வாங்கி, அதில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கனம் நிறைய மிச்சமிருந்து, உட்காரும் இடத்தில் துரு அப்பியிருந்தால், ஹப்பை சுத்தம் செய்துதான் புதுசை மாட்டினார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.