நிறத்தை நம்பாதீர்கள், நிறுத்துப் பாருங்கள்!

வீட்டில் பழைய பெட்டியைத் துழாவும்போது, தாமரைப் பூப் பொறித்த 20 பைசா நாணயம் உங்களில் சிலருக்குக் கிடைத்திருக்கலாம். 1968 முதல் 1971 வரையுள்ள ஆண்டுகளைத் தாங்கிய மஞ்சள் நாணயம் அது. “இதில் தங்கம் கலந்திருக்கிறது, பத்திரமாக வை” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் அதில் தங்கம் இல்லை. அது செம்பு பெரும்பங்காக உள்ள ஓர் உலோகக் கலவை. செம்புடன் துத்தநாகமோ அலுமினியமோ தக்க அளவில் சேர்ந்தால் பொன்னிறம் வந்துவிடும். இன்று புழங்கும் மஞ்சள் 5 ரூபாய் நாணயமும் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்ததுதான்.

நிறம் ஏமாற்றும், அடர்த்தி அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. தூய தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். பித்தளைக்கு ஏறத்தாழ 8.5 கிராம்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே மாதிரியான மஞ்சள் 5 ரூபாய் நாணயங்கள் சிலவற்றை நிறுத்துப் பாருங்கள். மொத்தம் 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வாயகன்ற அளவு ஜாடியில் 50 மி.லி. நீர் ஊற்றி, ஜாடியைச் சாய்த்து, நாணயங்களை ஒவ்வொன்றாக உள்ளே வழுக்கி விடுங்கள். காற்றுக் குமிழிகள் போகத் தட்டுங்கள். நீர்மட்டம் ஏறத்தாழ 57க்கு உயரும். 60ஐ 7ஆல் வகுத்தால் 8.6! அதே எடை தங்கமாக இருந்தால் நீர்மட்டம் 53ஐத்தான் தொட்டிருக்கும்.

“காந்தம் இழுக்கவில்லை, ஆகவே தங்கம்” என்பது அரைகுறை வாதம். பித்தளையையும் காந்தம் இழுக்காது. அடர்த்திச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே அடர்த்தி பொருந்தாவிட்டால் ‘தங்கம் அல்ல’ என்று துணிந்து சொல்லலாம். பொருந்தினாலோ மேலும் சோதிக்க வேண்டும்.

தங்கமா, அசலா, விலைமதிப்புள்ளதா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். தோற்றம் மாறுபட்டால் மட்டும் நாணயம் போலியாகிவிடாது. 10 ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர்கள் பலர் வாங்க மறுத்தபோது, அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. பழமை மட்டுமே விலையைக் கூட்டிவிடவும் செய்யாது. கோடிக்கணக்கில் அச்சிட்ட நாணயம் எத்தனை பழையதானாலும் அரிதாகிவிடுமா?

இந்தக் குழப்பத்தில்தான் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். “உங்கள் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள்” என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைக்கூடப் பயன்படுத்துவார்கள். தனக்கும் இத்தகைய வியாபாரத்துக்கும் தொடர்பே இல்லை என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

அடர்த்தி என்பது தேர்வுக்கு மட்டும் படிக்கும் பாடமல்ல என்பதே என் கருத்து. அதை உணர்ந்த மாணவன் ஒருவன் வீட்டில் இருந்தால், அந்த வீட்டுப் பணம் ஏமாற்றுக்காரன் கைக்குப் போவது கடினம். உங்கள் வீட்டு மஞ்சள் நாணயத்திலிருந்தே தொடங்குங்களேன்!